முறைப்பெண்ணும் மூன்றாம் பிரிவும்

(பொது நூலகம் ஒன்றின் வாசகர் வட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் என்று கேட்டால் கால்வாசிக் கைகளாவது உயரும். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் இரத்த உறவில் மணந்தவர்கள். இந்திய அளவில் அது 11-தான். பக்கத்து மாநிலமான கேரளத்தில் ஐந்தைக்கூட எட்டவில்லை. இவ்வளவு பேர் செய்யும் காரியத்தை, 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் முதலில் "கூடாது" என்றுதான் சொல்கிறது. பிறகு ஒரு சின்ன விலக்கு கொடுக்கிறது. நம்மில் பலருடைய கல்யாணம் அந்த விலக்கில்தான் நிற்கிறது. அது யாரைத் தாங்கும், யாரைக் கைவிடும் என்பதுதான் இன்றைய பேச்சு.

சில ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய ஒரு வழக்கோடு தொடங்குகிறேன். ஊர், பேர் வேண்டாம். அக்காள் மகளைக் கட்டியவர் ஒருவர். எட்டு வருடம் குடித்தனம், ஒரு பிள்ளை. பிறகு மனம் மாறிவிட்டது. விவாகரத்துக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அவருக்கு யாரோ சுலபமான வழி காட்டிவிட்டார்கள். "தாய்மாமனும் மருமகளும் சட்டம் தடுத்த உறவு. எனவே இந்தத் திருமணமே செல்லாது" என்று மனுப் போட்டார். மனைவிக்காக நான் ஆஜரானேன். தங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் இருக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு அந்தப் பெண்ணின் தலையில் விழுந்தது.

சாட்சி சொல்ல ஒரு மூதாட்டி வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். மனுதாரரைப் பெற்ற தாய் அவர்தான். என் கட்சிக்காரப் பெண்ணுக்கு அவர் தாயைப் பெற்ற அம்மாச்சி. மகனுக்கு எதிராக, பேத்திக்காகக் கூண்டில் ஏறினார். உங்கள் குடும்பத்தில் இப்படி வேறு கல்யாணம் நடந்ததுண்டா என்று கேட்டேன்.

"என்னயவே எங்கம்மா கூடப் பொறந்த தம்பிக்குத்தான்யா கட்டிக் குடுத்தாக. எங்க அம்மாச்சியே எனக்கு மாமியா. இப்ப நான் இவளுக்கு அம்மாச்சி, நானே மாமியா" என்றார்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இளைஞர். எழுந்து, "பாட்டி, இது எங்கேயாவது எழுதி இருக்கா?" என்றார்.

"எழுதி வைக்கலையேப்பா. மொய் நோட்டு இருக்கு, கொண்டாரவா?"

நீதிமன்றத்தில் சிரிப்பு எழுந்தது. ஆனால் அந்த மொய் நோட்டைத்தான் மறு வாய்தாவில் நான் ஆவணமாகக் குறியீடு செய்தேன். துணி அட்டை போட்ட நீள நோட்டு. மூன்று கல்யாணக் கணக்கு. தாய்மாமன் சீர் யார் கொண்டு வந்தார், மாப்பிள்ளை வீட்டார் யார், பெண் வீட்டார் யார் என்று பென்சிலில் எழுதியிருந்தது. இரண்டு கல்யாணங்களில் இரண்டு பக்கமும் ஒரே பெயர்கள். வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்ததற்கு அதைவிட நல்ல சான்று அகப்பட்டிருக்காது. நீதிமன்றம் வழக்கத்தை ஏற்றது. கணவரின் மனு தள்ளுபடியானது.

இனி சட்டத்துக்கு வருவோம். இந்து திருமணச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் வெறும் விளக்கங்கள்தான் இருக்கின்றன. ஆனால் நம் உறவுத் திருமணங்களின் தலையெழுத்து அங்கேதான் இருக்கிறது. வழக்காறு என்றால் என்ன, சபிண்ட உறவு என்றால் என்ன, தடைசெய்யப்பட்ட உறவு என்றால் என்ன என்ற மூன்றும் அந்த ஒரே பிரிவில் உள்ளன. ஐந்தாம் பிரிவு இந்த மூன்றையும் கோக்கிறது. மணமக்கள் தடைசெய்யப்பட்ட உறவாக இருக்கக் கூடாது, சபிண்டர்களாகவும் இருக்கக் கூடாது, "இருவரையும் ஆளும் வழக்காறு அனுமதித்தால் ஒழிய."

முதலில் தடைப் பட்டியல். பெற்றோர், பாட்டன், பாட்டி, பிள்ளை, பேரப்பிள்ளை என்ற நேர்வழி உறவுகள் அதில் உண்டு. தந்தையின் இன்னொரு மனைவி, மகனின் மனைவி, மகளின் கணவர், அண்ணன் தம்பியின் மனைவி, சித்தப்பா, பெரியப்பா, மாமாவின் மனைவி ஆகியோர் அந்தத் திருமணம் முடிந்து போனாலும் ஆகாது. பிறகு உடன்பிறந்தவர்கள். தந்தை ஒருவர் தாய் வேறு என்றாலும், தாய் ஒருவர் தந்தை வேறு என்றாலும் உடன்பிறப்புத்தான். தத்து வந்த பிள்ளைக்கும் இதே தடை. அதோடு 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் பிறந்த வீட்டுத் தடையையும் அந்தப் பிள்ளையின் மேல் நீடிக்க வைக்கிறது. இரண்டு வீட்டுத் தடையும் அதற்கு உண்டு.

ஒரு விந்தையைக் கவனியுங்கள். அண்ணன் இறந்தபின் அண்ணியை மணக்க வழக்காறு வேண்டும். மனைவி இறந்தபின் கொழுந்தியாளை மணக்க எந்தத் தடையும் இல்லை. அவள் பட்டியலிலேயே இல்லை. இங்கிலாந்தில் அந்தத் திருமணத்துக்கு 1907 வரை தடை இருந்தது. ஒவ்வொரு நாடும் தன் மனசுக்கு ஏற்ற இடத்தில் கோடு கிழித்திருக்கிறது.

பட்டியலின் கடைசி வரிதான் நமக்கு முக்கியம். மாமனும் மருமகளும், அத்தையும் மருமகனும், அண்ணன் தங்கையின் மக்கள், இரண்டு சகோதரர்களின் மக்கள், இரண்டு சகோதரிகளின் மக்கள் எல்லாரும் தடை. சட்டத்தின் ஆங்கில மூலத்தில் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே சொல். மாமன் மகளும் சித்தப்பா மகளும் ஒரே வரியில் வருகிறார்கள். நமக்கு அப்படியா? சித்தப்பா மகள் தங்கச்சி. பெரியம்மா மகன் அண்ணன். மாமன் மகள் முறைப்பெண். தமிழில் உறவைச் சொல்லி அழைக்கும்போதே யார் கட்டலாம், யார் கட்டக்கூடாது என்பது வாயில் வந்துவிடுகிறது. சட்டம் எல்லாரையும் ஒரே கூடையில் போட்டுவிட்டு, வேண்டியவர்களை வழக்காறு வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. அதனால் வழக்காறு என்று வாதாடுபவர் மாமன் மகளை எடுக்கலாம். சித்தப்பா மகளை எடுக்க இந்த ஊரில் எந்த வழக்காறும் துணைக்கு வராது.

அடுத்தது சபிண்டம். பேர் பயமுறுத்தும், விஷயம் ஐந்து விரலுக்குள் அடங்கும். கட்டைவிரலில் உங்களை வையுங்கள். ஆள்காட்டி விரலில் அப்பா. நடுவிரலில் தாத்தா. மோதிர விரலில் பூட்டன். சுண்டு விரலில் ஓட்டன். தந்தை வழியில் சட்டம் எண்ணுவது இந்த ஐந்து தலைமுறை. தாய் வழியில் மூன்று விரல்தான்: நீங்கள், அம்மா, அம்மாவின் தாய் அல்லது தந்தை. பெண்ணும் இதேபோல் தன் விரல்களை எண்ண வேண்டும். இரண்டு கைகளிலும் ஒரே மூதாதை வந்து உட்கார்ந்தால் இருவரும் சபிண்டர்கள். பழைய சாத்திரக் கணக்கு தந்தை வழியில் ஏழு, தாய் வழியில் ஐந்து. 1955இல் அதை ஐந்தும் மூன்றுமாகக் குறைத்தார்கள்.

பிண்டம் எது என்பதிலேயே பழைய பண்டிதர்களுக்குள் சண்டை உண்டு. சாளுக்கிய நாட்டில் மிதாட்சரம் எழுதிய விஞ்ஞானேசுவரர், பிண்டம் என்றால் உடல், ஒரே உடலின் கூறு உள்ளவர்கள் சபிண்டர்கள் என்றார். வங்காளத்து ஜீமூதவாகனரோ இறந்தவருக்கு வைக்கும் சோற்றுருண்டையை வைத்துக் கணக்குப் போட்டார். இன்றைய சட்டம் உடல் கணக்கைப் பின்பற்றுகிறது.

இப்போது விரலை மடக்கிப் பாருங்கள். என் அம்மாவும் பெண்ணின் அம்மாவும் அக்காள் தங்கை மக்கள் என்று வைப்போம். இருவருக்கும் பொதுவான கொள்ளுப்பாட்டி நான்காவது தலைமுறை. தாய் வழியில் மூன்றோடு கணக்கு முடிந்துவிட்டது. ஆகவே நாங்கள் சபிண்டர்கள் அல்ல, சட்டப்படி மணக்கலாம். ஆனால் ஊரில் கேட்டால், "அவ உனக்குத் தங்கச்சி முறைடா" என்று செருப்பைக் கழற்றுவார்கள். இதை மாற்றிப் பாருங்கள். என் அப்பாவும் பெண்ணின் அப்பாவும் மச்சான் மைத்துனர். என் அப்பா அத்தை மகன், அவர் மாமன் மகன். அவர் எனக்கு மாமா, அவர் மகள் எனக்கு முறைப்பெண். பொதுவான பூட்டன் இரண்டு பக்கமும் தந்தை வழியில் நான்காவது விரலில் வருகிறார். சட்டத்துக்கு நாங்கள் சபிண்டர்கள். வழக்காறு இல்லையென்றால் கூடாது. ஊரின் கோடும் சட்டத்தின் கோடும் ஒரே இடத்தில் ஓடுவதில்லை என்பதற்கு இந்த இரண்டு உதாரணமே போதும்.

கோத்திரம் பற்றிப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். ஒரே கோத்திரம், ஒரே கூட்டம், ஒரே குலதெய்வம் என்பதனால் மட்டும் சட்டத்தில் தடை இல்லை. அந்தத் தடையை 1946ஆம் ஆண்டுச் சட்டமே நீக்கிவிட்டது. பங்காளி என்று ஊர் ஒதுக்கலாம். சட்டம் விரல் கணக்கை மட்டும்தான் பார்க்கும்.

தெற்கத்திக்காரர்கள் மாமன் மகளைக் கட்டுவது பற்றிய சர்ச்சை நேற்று வந்ததல்ல. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானதாகக் கருதப்படும் பௌதாயன தர்மசூத்திரம், தெற்கே மட்டும் நடக்கும் ஐந்து பழக்கங்களைச் சொல்கிறது. தாய்மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது அவற்றில் வருகிறது. கூடவே பழைய சோறு சாப்பிடுவதும், மனைவியோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன! வடக்கே மட்டும் நடப்பதாக அது தரும் பட்டியலில் கடல் பயணமும் ஆயுத வணிகமும் உண்டு. பிற்காலத்தில், பதினான்காம் நூற்றாண்டில், விஜயநகரத்து மாதவாசாரியர் மாமன் மகள் மணத்துக்கு ஆதரவாகவே நூலாதாரம் காட்டி எழுதினார். பண்டிதர்கள் வாதாடிக்கொண்டே இருந்தார்கள். நம் வீடுகளில் பரிசம் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

வழக்கத்தை ஆங்கிலேய நீதி முறை ஏற்றுக்கொண்டதிலும் நம் மண்ணுக்குப் பங்கு உண்டு. இராமநாதபுரம் ஜமீன் வழக்கு. விதவையான ராணி செய்த தத்து செல்லுமா என்பது கேள்வி. அந்த வழக்கில்தான் லண்டன் பிரிவி கவுன்சில் 1868இல், இந்து சட்டத்தில் தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்காறு எழுதிய நூலை விஞ்சும் என்ற கருத்தைச் சொன்னது. இன்றும் நாங்கள் நீதிமன்றத்தில் அதைக் காட்டுகிறோம்.

ஆனால் 1955க்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவு பழைய நூலையும் வழக்காற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டது. சட்டமே வெளிப்படையாக இடம் விட்ட இடத்தில் மட்டும் வழக்காறு பேசலாம். அந்த வழக்காறு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் மூன்றாம் பிரிவு கட்டியிருக்கிறது. நீண்ட காலமாக, இடைவிடாமல், ஒரே சீராகப் பின்பற்றப்பட்டிருக்க வேண்டும். நிச்சயமானதாக இருக்க வேண்டும். நியாயமற்றதாகவோ பொதுநலக் கொள்கைக்கு விரோதமாகவோ இருக்கக் கூடாது. ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரிய வழக்கமானால், அந்தக் குடும்பம் அதைக் கைவிட்டிருக்கக் கூடாது. இத்தனையும் இருவர் பக்கமும் இருக்க வேண்டும். தென்னாட்டில் மாமன் மகள், அத்தை மகள், அக்காள் மகள் திருமண வழக்கத்தை நீதிமன்றங்கள் பலமுறை ஏற்றிருக்கின்றன. ஆனாலும் உங்கள் வழக்கில் நீங்கள்தான் அதைச் சொல்லி நிரூபிக்க வேண்டும்.

நிரூபிக்காவிட்டால் என்ன ஆகும்? பதினோராம் பிரிவின்படி அந்தத் திருமணம் செல்லாது. விவாகரத்து அல்ல, தொடக்கத்திலிருந்தே திருமணம் நடக்காதது போல. பதினெட்டாம் பிரிவில் ஒரு மாதம் வரை வெறுங்காவல் அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சிறைத் தண்டனையைவிட 'நடக்கவே இல்லை' என்ற தீர்ப்புத்தான் கனமானது. டெல்லியில் ஒரு பெண்ணின் கதை அதற்குச் சான்று. 1998இல் உறவுக்காரரை மணந்தார். பின்னால் கணவர், சபிண்ட உறவு என்று சொல்லி 2007இல் அது செல்லாது என்ற தீர்ப்பு வாங்கிவிட்டார். தங்கள் சமூகத்தில் வழக்காறு உண்டு என்று அந்தப் பெண்ணால் நிரூபிக்க முடியவில்லை. கடைசியில் அந்தச் சட்டப் பிரிவே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார். 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. திருமணத்தில் இணை தேர்வைக் கட்டுப்பாடின்றி விட்டால் நெருங்கிய உறவுத் திருமணமும் சட்டபூர்வமாகிவிடும் என்ற கவலையைத் தீர்ப்பு காட்டியது. நம் ஊர் அம்மாச்சி ஒருவர் அந்தப் பெண்ணுக்குச் சாட்சி சொல்ல இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இவற்றில் சிறு ஆறுதல்கள் உண்டு. திருமணம் செல்லாமல் போனாலும் பிள்ளைகள் பதினாறாம் பிரிவின்படி முறையாகப் பிறந்தவர்களே. அவர்களுக்குப் பெற்றோர் சொத்தில் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் பெற்றோருக்கு வரக்கூடிய பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. செல்லாத் திருமணத்தில் இருந்த மனைவியோ கணவனோ நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2025 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் சொன்னது. கொடுப்பது நீதிபதியின் விருப்ப அதிகாரம். கேட்கும் உரிமை உண்டு.

இளைஞர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. மாமன் மகளைச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்யலாம் என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். 1954ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் ஆணுக்கு 37, பெண்ணுக்கு 37 என்று தடை உறவுகள் இருக்கின்றன. மாமன் மகளும் அத்தை மகளும் அதில் உண்டு. 1963 திருத்தம் வழக்காறுக்கு இடம் கொடுத்தது. ஆனால் அங்கே வழக்காறு என்பது மாநில அரசு அரசிதழில் அறிவித்த விதியைத்தான் குறிக்கும். அம்மாச்சி சொல்வது அங்கே போதாது. உறவில் கல்யாணம் செய்பவர்கள் இந்து திருமணச் சட்டத்தின் வழியே போவது நல்லது. தமிழ்நாட்டில் 2009 முதல் பதிவு கட்டாயம். தொண்ணூறு நாளுக்குள் பதிய வேண்டும். ஆனால் பதிவுச் சான்றிதழ் செல்லாத கல்யாணத்தைச் செல்ல வைக்காது. அது கல்யாணம் நடந்ததற்குச் சான்று. கல்யாணம் செல்லும் என்பதற்குச் சான்று அல்ல. சுயமரியாதைத் திருமணத்துக்கும் இதே நிபந்தனைதான். புரோகிதர் வேண்டாம் என்றார்கள். ஐந்தாம் பிரிவு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

நாளைக்கு என்ன ஆகும்? உத்தராகண்ட் மாநிலம் 2024இல் பொது சிவில் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அங்கேயும் இப்படிப்பட்ட தடைப்பட்டியல் இருக்கிறது. வழக்காறுக்கு விலக்கும் இருக்கிறது. ஆனால் அது பொதுநலக் கொள்கைக்கும் ஒழுக்கத்துக்கும் எதிராக இருக்கக் கூடாது. வழக்காற்றின் சாளரம் எங்கும் உடனே மூடப்படவில்லை. ஆனால் அதன் வழியே வருகிறவரை முன்னைவிடக் கூர்ந்து பார்க்கிறார்கள்.

மருத்துவம் பற்றி இரண்டு வரி. மாமன் மகளும் அத்தை மகனும் மரபணுவில் சராசரி எட்டில் ஒரு பங்கைப் பகிர்கிறார்கள். தாய்மாமனும் மருமகளும் நான்கில் ஒரு பங்கை. ஒரே குறைபாடுள்ள மரபணு இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அந்த அளவுக்குக் கூடுகிறது. எல்லாக் குழந்தைக்கும் குறை வரும் என்று பயமுறுத்த மாட்டேன். குடும்பத்தில் ஏதாவது நோய் திரும்பத் திரும்ப வந்திருந்தால் கல்யாணத்துக்கு முன்பே மரபணு ஆலோசனை கேளுங்கள். அக்காள் மகள் கல்யாணத்தில் இந்தக் கேள்வி இரட்டிப்புக் கட்டாயம்.

கடைசியாக, இன்று நான் சொல்ல வந்த ஒன்று. "உரிமைப் பெண்" என்று நம் வீடுகளில் ஒரு சொல் இருக்கிறது. தாய்மாமன் உரிமை, அத்தை மகன் உரிமை. சட்டத்தில் அப்படி ஓர் உரிமை இல்லை. ஐந்தாம் பிரிவின் விலக்கு, தடையை நீக்குகிறது, அவ்வளவுதான். வழக்காறு மணக்கலாம் என்று அனுமதிக்கிறது. மணந்தே ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த அதற்கு ஒரு எழுத்து அதிகாரம் கிடையாது. வற்புறுத்திக் கட்டியதாக நிரூபித்தால் அதே சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவு அந்தக் கல்யாணத்தை ரத்துச் செய்யக் கேட்க வழி தருகிறது. வயது பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று. அந்த வயதுக்கு மேல் பெண்ணின் "சரி" ஒன்றுதான் கணக்கு.

என் வழக்கில் அந்தப் பாட்டி கூண்டிலிருந்து இறங்கும்போது நீதிபதியைப் பார்த்து ஒன்று சொன்னார்: "அப்பவே இவளத்தான்யா கேட்டோம், உனக்குச் சம்மதமான்னு. இவ சரின்னா. அப்புறந்தான் பரிசம் போட்டோம்." நான் நடத்திய எத்தனையோ வழக்குகளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். உறவில் கல்யாணம் முடித்திருந்தால், உங்கள் வீட்டுப் பழைய பத்திரிகைகளையும் மொய் நோட்டையும் குப்பையில் போடாதீர்கள். வயதானவர்களை உட்கார வைத்து வம்சாவளியைத் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இனிமேல்தான் முடிக்கப் போகிறீர்கள் என்றால், வழக்காறு கேட்கும் முன் பெண்ணைக் கேளுங்கள்.